கொக்கின் இடது கால்

"உனக்கு இப்ப இல்லம்மா."

டீச்சர் இப்படிச் சொன்னதும் கொக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொக்கு என்பது வீட்டில் வைத்த பெயர். நெடுநெடுவென்று வளர்ந்த கால்களைப் பார்த்து அப்பா வைத்தது.

பாலே நடன வகுப்பில் எல்லோரும் பாயிண்ட் ஷூ வாங்கப் போகிறார்கள். விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான, முன்பக்கம் கெட்டியான ஷூ அது. இவளுக்கு மட்டும் இல்லையாம்.

"ஏன் டீச்சர்?"

"குதிகாலைத் தூக்கினதும் உன் இடது கணுக்கால் வெளிப்பக்கமா சாயுது. அப்படியே ஏறி நின்னா சுளுக்கிக்கும். விரலெல்லாம் இன்னும் தூங்குது. எங்க, கட்டைவிரலை மட்டும் தூக்கு பாக்கலாம்."

தூக்கினாள். ஐந்து விரல்களும் சேர்ந்து எழுந்தன. கொக்கு அதிர்ந்துபோய்த் தன் காலையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் கால், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"அடுத்த மாசம் மறுபடி பாக்கறேன்" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து கொக்கு பெயருக்கு ஏற்ற மாதிரி ஒற்றைக்காலிலேயே நின்றாள். பல் தேய்க்கும்போது இடது கால். பாடம் படிக்கும்போதும் இடது கால்தான். அம்மா துணி தைப்பவர். அவருடைய பட்டன்களைத் தரையில் கொட்டி, கால்விரல்களால் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"இதென்ன பெரிய வித்தை" என்று அப்பாவும் உட்கார்ந்து பார்த்தார். அவர் பஸ் ஓட்டுநர். ஒரு பட்டன்கூட வரவில்லை.

"பஸ்ஸையே திருப்பிடறேன், இந்த விரலைத் திருப்ப முடியலையே" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஒரு மாலை அம்மா வெளியே போயிருந்தார். தையல் மேசையை ஜன்னலோரம் நகர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார். அப்பா ஒரு முனையைத் தூக்கினார், கொக்கு மறுமுனையை. இரும்பு மெஷினோடு சேர்ந்து மேசை கனமோ கனம்.

பாதி வழியில் இழுப்பறையிலிருந்து ஒரு பட்டன் விழுந்து உருண்டது. மூலையில் விளையாடிக்கொண்டிருந்த தங்கைப் பாப்பா மேசைக்கு அடியில் தவழ்ந்து வந்தாள். கையில் கிடைப்பதெல்லாம் அவளுக்கு வாய்க்குத்தான்.

"அப்பா, பாப்பா..."

அப்பாவின் முகம் வெளிறியது. மேசையை இறக்கினால் பாப்பா மேல் விழும். ஒரு கையை எடுத்தால் மெஷின் சரியும். பாப்பாவின் கை பட்டனை நெருங்கிவிட்டது.

கொக்கு வலது காலைத் தூக்கினாள். மொத்தக் கனமும் இடது காலில் இறங்கியது. கணுக்கால் வெளிப்பக்கம் சாயப் பார்த்தது. அவள் சாயவிடவில்லை. வலது கால்விரல்கள் நீண்டு பட்டனைக் கவ்வின. பாப்பா அந்தக் காலைத் துரத்திக்கொண்டே மேசைக்கு வெளியே வந்தாள்.

மேசையை இறக்கி வைத்த அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"எந்தக் கால்ல நின்ன?" என்று கேட்டார்.

கொக்கு குனிந்து பார்த்தாள். இடது கால். அவளுக்கே நம்ப முடியவில்லை.

மாதம் முடிந்தது. டீச்சர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து குதிகாலையே பார்த்தார். கொக்கு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கணுக்கால் சாயவே இல்லை.

"என்னம்மா பண்ணின?"

"பட்டன் பொறுக்கினேன் டீச்சர். அப்புறம் ஒரு தடவை தையல் மெஷின் தூக்கினேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டே ஷூ வாங்குபவர்களின் பட்டியலில் அவள் பெயரையும் எழுதினார்.

புது ஷூ வீட்டுக்கு வந்தது. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுவதற்குள், பாப்பா அதன் நாடாவை வாய்க்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

கொக்கின் இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன. ஆனாலும் அவள் காலைத்தான் நீட்டினாள்.