நடு உருண்டை

அந்தி மங்கிய அந்த அறையில் நாயின் கண்மணி நன்றாக விரிந்திருக்க வேண்டும். கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

வாய்நுரை எஃகு மேஜையின் விளிம்பு வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கிருமிநாசினி நெடியையும் மீறிப் பூண்டு போன்ற ஒரு வாடை மூக்கில் ஏறியது. வாசலில், நாயைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த துப்புரவுத் தொழிலாளி செருமுவது கேட்டது. கால்நடை மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டாள். பூச்சிமருந்து. இந்த வாரத்தில் இது ஒன்பதாவது தெருநாய். எந்தப் பாவியோ இறைச்சியில் விஷத்தை உருட்டி வைத்துவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான்.

இதற்கான விஷமுறிவு ஊசிக்குக் கடிகாரக் கணக்குக் கிடையாது. வாய் உலரும்வரை விடாமல் போட வேண்டும். போட்டாள். உலரவில்லை. மேஜை மேல் நகங்கள் கீறிய சத்தம் மெல்ல மெல்ல நின்றுபோனது.

"எவன்னு தெரிஞ்சா அவன் வாயிலயே திணிப்பேன்" என்றாள்.

"எல்லா இடத்துலயும் மூணு மூணா கெடக்குதும்மா" என்றார் துப்புரவுத் தொழிலாளி. "முதலும் கடைசியும் வெறும் கறி. நடு உருண்டைலதான் நாத்தம்."

அவள் கை அப்படியே நின்றது.

வெறும் உருண்டை, மாத்திரை உருண்டை, மறுபடி வெறும் உருண்டை. மூன்றாவதன் ஆசையில் நாய் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். வீட்டில் வளரும் கிழட்டு நாய் மூக்கிக்கு மாத்திரை கொடுக்க அவளே கண்டுபிடித்த வித்தை. அதை ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். தெருநாய்கள் குரைத்தால் ஜன்னலைப் படாரென்று சாத்தும் மனிதருக்கு.

மிச்சமிருந்த ஒரே மருந்துக் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் விளக்கு போடவில்லை. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மூக்கி ஓடிவந்து காலைச் சுற்றவில்லை. கூடத்தைத் தாண்டும்போதே வாடை வந்துவிட்டது, அதே பூண்டு வாடை, சமையலறையிலிருந்து.

விளக்கைப் போட்டாள்.

கணவர் தரையில், அலமாரியில் சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தாடையில் எச்சில். விரலிடுக்கெல்லாம் இறைச்சித் துணுக்கு. பக்கத்தில் மூக்கி, கால்கள் வெட்டிவெட்டி இழுக்க. தட்டில் ஒரே ஒரு உருண்டை. மூன்றாவது.

"கையுறை... போடல" என்றார். "மூக்கி எப்ப வந்துச்சுன்னே... பாக்கல. ஊசி போடும்மா."

"எதுக்குங்க செஞ்சீங்க?"

"தூக்கமே இல்ல... ஒரே குரைப்பு."

குரைப்பு. ஒன்பது உயிர். அவள் சொல்லிக்கொடுத்த வித்தை.

"நீயெல்லாம் மனுஷனா?"

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர் உயிருக்குத்தான் காணும். கைபேசி மேஜை மேல் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட வேண்டும்.

ஊசியில் மருந்தை இழுத்தாள். அவர் சட்டைக் கையை மடக்கி, முழங்கையை நீட்டினார்.

அவள் குனிந்தாள். இடது கை நரம்பைத் தேடியது.

ரோமம்.

கைபேசி அசையாமல் கிடந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவருடைய கடுகளவுக் கண்மணிகள் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மூக்கியின் வாய் உலரத் தொடங்கியது.