ப்ளீஸ் சொல்லாதவள்

ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பக்கத்து மழைக்கு நேராகப் பெய்யத் தெரியாது. பஸ் ஸ்டாப்புக்குள் ஓடிவந்தவன் குடையை உதறினான்... அத்தனை தண்ணீரும், பழம் பறிக்க பல்கேரியாவிலிருந்து வந்திருந்த ஸோர்னிட்சாவின் முகத்தில்.

"கண்ணு தெரியலையா?" என்றாள் பல்கேரிய மொழியில், இவனுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில்.

"தெரியுதே... ரெண்டு. பச்சையா, கோவமா," என்றான் அவனும் அதே மொழியில்.

பெயர் ஒக்னியான். பக்கத்து டண்டீ நகரில் மொழிபெயர்ப்பாளன். பஸ் வரும்வரை சிரிப்பை அடக்க அவள் படாத பாடு பட்டாள்.

இருவரும் இறங்கியது ஒரே ஸ்ட்ராபெர்ரி பண்ணையில். கொட்டகையில் முதலாளி கெடஸின் பக்கத்தில் அவன் போய் நின்றதும் அவள் சிரிப்பு செத்தது. ஓ... அவங்க ஆளா?

மூன்று நாள் மழையில் பழம் குறைவு. ஒன்பது மணி நேரம் பறித்தும் ட்ரேக்கள் நிறையவில்லை. "நிறைஞ்ச ட்ரே கணக்குக்கு ஆறு மணி நேரம்னுதான் எழுதுவேன். கையெழுத்துப் போடுங்க," என்றார் கெடஸ். ஒக்னியான் அதை பல்கேரியத்தில் சொன்னான். நாற்பது பேர் தரையைப் பார்த்தார்கள்.

ஸோர்னிட்சா எழுந்தாள். "ஒன்பது மணி நேரம் சேத்துல நின்னோம். எத்தனை ட்ரே நிறைஞ்சாலும், மணிக்கு இவ்வளவுக்குக் கீழே கூலி குறையக் கூடாதுன்னு இந்த ஊர்ல சட்டம் இருக்கு. ஒன்பதுன்னு எழுதுங்க. இல்லன்னா கையெழுத்து கிடையாது."

ஒக்னியான் கெடஸிடம் ஆங்கிலத்தில், "ப்ளீஸ், கொஞ்சம் பார்த்துச் செய்ய முடியுமான்னு கேக்கறாங்க..."

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்த வார்த்தை அதில் இருந்தது.

"நிறுத்துங்க. நான் ப்ளீஸ் சொல்லவே இல்லையே."

அவன் காது சிவந்தது. "உங்க வேலை போயிடுமேன்னு..."

"என் வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

அந்தக் கண்களை ஒரு கணம் பார்த்தான். பிறகு கெடஸிடம் திரும்பி, அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல், அவள் குரலின் சூட்டோடு சொன்னான்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார் கெடஸ் அவனிடம்.

நாற்பது பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

அவர்கள் கொடுத்த புகாரில் பத்தாம் நாள் தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒன்பது மணி நேரம் பதிவானது. ஆனால் ஒக்னியானின் போனை மட்டும் ஸோர்னிட்சா எடுக்கவில்லை.

"ஏன்டி இப்படி?" என்றாள் பண்ணையில் தொழிலாளர் தங்கும் கேரவன் வண்டியில் கூட இருந்த வெசெலா.

"என்னால வேலை போனவர். நன்றியில பிடிச்சிருக்கா, நெசமாவே பிடிச்சிருக்கா... எனக்கே தெரியலடி."

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து கேரவன் கதவைத் தட்டினான். தொப்பலாக நனைந்திருந்தான்.

"உங்களுக்காக நான் எதையும் விடல. சொன்னதைச் சொல்றதுதான் என் பிழைப்பு. அன்னைக்கு அதுல தப்புப் பண்ணேன், திருத்திக்கிட்டேன். இப்ப ஆஸ்பத்திரியில வேலை. நீங்க எனக்கு ஒண்ணும் கடன்பட்டிருக்கல."

அவள் மனசு லேசாகிப்போனது. "அப்ப... எதுக்கு வந்தீங்க?"

ஊருக்கெல்லாம் பேசுகிறவன் குனிந்து சட்டை நுனியைப் பிழிந்தான்.

"சரி, நானே சொல்றேன்," என்றாள், தலையை நிமிர்த்தி. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நன்றியில்ல, பரிதாபமில்ல. பிடிச்சிருக்கு."

'உன்னை' என்ற சொல் அவனுக்குள் இறங்கியது. "எனக்கும்..." என்று முணுமுணுத்தான்.

"சத்தமா. பக்கத்து கேரவன்ல எல்லாரும் காதை வச்சிட்டிருக்காங்க, கேட்டுக்கட்டும்."

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு ஸோர்னிட்சா," என்றான், வயல் வரைக்கும் கேட்கும்படி.