படுக்கைக்கு அடியில் இருந்த இடம்

திருப்பனந்தாள் தாண்டி அந்த ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு மாசி மாதத்துக் காலையில். சுவர் இருந்த பக்கமெல்லாம் உதயசூரியனும் கதிர் அரிவாளும் வரைந்திருந்தார்கள். வாய்க்கால் ஓரத்துப் புங்கமரத்தடியில் வேனை நிறுத்தியதும் என் வீட்டுக்காரர் அடைக்கலராஜ் சுத்தியலைத் தேட ஆரம்பித்தார். எங்கேயாவது இடம் வீணாய்க் கிடந்தால் அந்த மனிதருக்குக் கை அரிக்கும்.

எங்களுக்கு வீடென்று இருந்தது அந்தப் பழைய வேன் ஒன்றுதான். முன்னே ஏதோ மிஷன் ஆஸ்பத்திரிக்காக ஊர் ஊராய் மருந்து கொண்டுபோன வண்டி. மாயவரத்தில் பழைய சாமான் வியாபாரி ஜெய்னுலாபுதீன் பாயிடம் வாங்கினோம். நோயாளி படுத்த பலகையில் நாங்கள் படுத்தோம். மருந்து அலமாரியில் உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தன. அறுவடைக் காலம் முழுக்க அதிலேயே குடித்தனம், தெருத்தெருவாய் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து நெல் வாங்குவோம். பாத்திரம் குறையக் குறைய மூட்டை பெருகும். காலை நீட்டிப் படுக்க இடம் இருக்காது.

அந்த வருஷம் இடம் இன்னும் அவசரமாய்த் தேவைப்பட்டது. நான் ஐந்து மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதாவது தங்க வேண்டுமென்று மாதாவிடம் அழுது அழுது கேட்டிருந்தேன். ஆனால் வயிற்றில் இன்னும் ஒரு அசைவும் இல்லை. அந்தப் பயத்தை அவரிடம் சொல்லாமல், "தூளி கட்ட இடம் பண்ணுங்க" என்று மட்டும் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

படுக்கைப் பலகைக்கு அடியில் நீளமாய் ஒரு பெட்டி இருந்தது. சுற்றிலும் ஆணி அடித்து மூடியிருந்தது.

"அதுல கைய வைக்காதீங்க. பிரிச்சா பலகை ஆடிப்போகும்னு பாய் சொன்னாருல்ல?"

"பாய்க்கு என்ன, அவரா மூட்டை மேல குந்திக்கிட்டுச் சோறு திங்கிறாரு? எல்லா மூட்டையும் உள்ள போயிரும் விண்ணரசி."

ஆணியைப் பிடுங்கி முன்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமில்லை. ஈரச் சேற்று வாசனை மட்டும் வந்தது, நடவு வயலில் இறங்கினால் வருமே, அது. இத்தனை வருஷம் மூடிக் கிடந்த மரத்தில் ஈரம் ஏது என்று கேட்டேன்.

"வாய்க்கால் வாடை புள்ள."

கீல் வைத்துப் பலகையைக் கதவாக்கி, கொண்டி போட்டு, மூட்டைகளை உள்ளே தள்ளினார். நடுவில் நடக்க வழி கிடைத்தது. பெரிய பங்களா கட்டியவர் மாதிரி இப்படியும் அப்படியும் நடந்து காட்டினார்.

மறுநாள் விடிந்து எழுந்தால் கால் வைக்க இடமில்லை.

மூட்டைகள் எல்லாம் வெளியே இருந்தன. பெட்டிக் கதவு சாத்தியிருந்தது. கொண்டி மட்டும் கழன்று கிடந்தது.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு மூட்டை தூக்குவியா?" என்று என்மேல் பாய்ந்தார்.

"நான் எதுக்குத் தூக்குறேன்? தூக்கத்துல எந்திரிச்சி நடக்குற ஆளு நீங்கதான்!"

சண்டை போட்டதில் பயம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் மூட்டைகளை அவர் திரும்ப உள்ளே வைக்கவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

உச்சி வெயிலில், வாய்க்காலுக்கு அந்தப்புறம் கூலி ஜனங்களின் தெருவுக்குப் போனோம். எங்கள் வியாபாரத்துக்கு ஒரு முறை உண்டு. தெருவுக்குள் நுழைந்ததும் பெரிய கரண்டியால் வண்டித் தகரத்தில் மூன்று தட்டு தட்டுவேன். அதைக் கேட்டுத்தான் பெண்கள் நெல்லோடு வருவார்கள்.

தட்டினேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

மூன்று தட்டு. மரத்தில், மெதுவாக, விரலை மடக்கித் தட்டியது போல.

அவர் என் எதிரில்தான் குடங்களை இறக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் யாருமில்லை.

முறத்தில் நெல்லோடு வந்த ஒரு பெண் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். முறம் சாய்ந்து நெல் கொட்டியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பெயர் காத்தாயி என்று பிறகு சொன்னாள்.

"இது நர்சம்மா வண்டிதான?"

பழைய ஆஸ்பத்திரி வண்டிதான் என்று தலையை ஆட்டினேன்.

"கூலி நெல்லு கூடக் கேட்டு சண்ட நடந்த வருசம் தங்கச்சி. எம் புருசன் கண்ணுசாமிதான் முன்ன நின்னாரு. பண்ணை ஆளுங்க தடியோட தேடுனப்ப வயல்லேருந்து சேத்துக்காலோட ஓடியாந்தாரு. நர்சம்மாதான் அந்தப் பெட்டிக்குள்ள ஒளிச்சி வச்சாங்க. மூணு தட்டு தட்டுவேன், நீ திருப்பித் தட்டு, அப்பறம் வெளிய வான்னு சொன்னாங்க."

"அப்பறம்?"

"பாலத்துல வண்டிய மறிச்சி அவனுங்க ஏறிக்கிட்டானுங்க. அந்தப் பலகை மேலயே குந்திக்கிட்டு, அவரத் தேடி ஊர் ஊரா ஓட்டச் சொன்னானுங்க. விடிய விடிய. சத்தம் கேட்டுருமேன்னு இவரு மூச்ச அடக்கிக்கிட்டு அடியில கெடந்துருக்காரு." அவள் குரல் இறங்கியது. "அவனுங்க எறங்குனதும் நர்சம்மா தட்டுனாங்க. நானும் வந்து தட்டுனேன். பதிலே வரல."

என்னைத் தாண்டி வண்டிக்குள் ஏறிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். விரலை மடக்கி மூன்று தட்டு தட்டினாள்.

பதில் வந்தது.

"அவனுங்க போயிட்டானுங்கய்யா," என்று கிசுகிசுத்தாள். "வெளிய வா. வீட்டுக்குப் போவம்."

பெட்டிக் கதவு தானாய்த் திறந்தது. உள்ளே யாருமில்லை. அடிப்பலகையில் மட்டும் ஒரு குதிகால் அளவுக்குச் சேறு ஈரமாய் ஒட்டியிருந்தது. நான் வண்டிப் படியில் நின்றிருந்தேன். குளிர்ச்சியாய் ஏதோ என் வயிற்றை உரசியது. சேற்று வாசனை குப்பென்று ஏறி, அப்படியே நின்றுபோனது.

காத்தாயி அழுதுகொண்டே இறங்கினாள். போகிற அவசரத்திலும் என் வயிற்றில் கை வைத்தாள்.

"அசையுதா?"

"இன்னும் இல்லக்கா."

"அசையும் தங்கச்சி. நான் போயி வீட்டுக் கதவத் தொறந்து வைக்கிறேன். அவரு வந்துருவாரு."

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது பார்த்தேன். கதவை விரியத் திறந்துவைத்து, ஒரு தட்டில் சோறு போட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு மூட்டைகள் வைத்த இடத்தில் இருந்தன. பெட்டியில் நெல் வாசனை வந்தது. என் பழைய சேலையில் இவர் தூளியே கட்டிவிட்டார். வெறும் தூளியை ஆட்டாதீங்க என்று நான் அதட்ட, அவர் சிரிக்க, நாட்கள் நல்லபடியாய்ப் போயின. ஒரு பகலில் பாபநாசம் பக்கம் ஒரு தெருவில் நிறுத்தி, பழக்கத்தில் கரண்டியை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

பெட்டி பேசாமல் இருந்தது. அப்பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் வயிற்றுக்குள் தட்டியது.

மூன்று முறை. மெதுவாக, விரலை மடக்கித் தட்டியது போல.

மாதாவே, எத்தனை நாள் நான் ஏங்கிய அசைவு அது! சந்தோஷத்தில் அழுகிறேனா, பயத்தில் அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தெருப் பெண்கள் நெல்லோடு வந்துகொண்டிருந்தார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டேன்.

"இன்னும் நேரம் வரல," என்றேன் குனிந்து, யாருக்கும் கேட்காமல். "சத்தம் போடாம இருங்க."

உடனே அடங்கிவிட்டது.