டொபி இல்லாத கூடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசியா உம்மா திறந்த வேகத்தில் இரும்புக் கேற் மதிலில் மோதித் திரும்பி வந்தது.

“அழகரத்தினம் ஐயா! ஊட்ட இரிந்தா வெளிய வாங்க. இல்லாட்டி நான் பொலிசுக்குப் போறன்.”

அழகரத்தினம் முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்று, பிறர் சொன்ன பொய்களை மூன்று மொழிகளில் திருப்பிச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகு, கல்லடியில் ஏதாவது காணாமற்போனால் ஆட்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். அவர் தேநீர்க் கோப்பையுடன் வருவதற்குள், வாசலில் தன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய நண்பர் றவூப் துணியை எறிந்துவிட்டு முன்னால் வந்து நின்றார்.

“இரி கா. என்ன நடந்த?” என்றார் அழகரத்தினம்.

“இரிக்க மாட்டன். என்ட பேரக் கெடுத்துப்போட்டாங்க. ஹேசல் மிஸிட எலியக் காணல்லயாம். நான்தான் கூட்டுக் கதவத் திறந்து விட்டனாம்!”

“எலியா? எலி போனா நல்லந்தானே, ராத்தா?” என்றார் றவூப்.

“வாய மூடு றவூப். அது வளக்கிற எலி. ஹாம்ஸ்டராம். டொபி எண்டு பேரும் வெச்சிரிக்காங்க. எனக்கும் அந்தத் தெருவில இருவது வருசமா ஒரு பேர் இரிந்த. நேத்துப் பின்னேரத்தோட அது போயிட்டு. நாலு ஊடு கூட்டுறன். நாலு ஊட்டுக்காரரும் இனி வராத எண்டுட்டாங்க!”

அழகரத்தினம் கேட்டுக் கேட்டு விஷயத்தை ஒழுங்காக்கினார். எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை காலை, ஹேசலும் மகள் ஹெதரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். டொபியைக் கூட்டோடு பக்கத்து வீட்டுப் பிரஷாந்தி டீச்சரிடம் ஒப்படைத்திருந்தார்கள். நேற்று மத்தியானம் திரும்பி வந்தால் கூடு வெறுமையாக, கதவு திறந்தபடி கிடந்தது. ‘இரவும் நான் சாப்பாடு குடுத்தன். விடிய ஆசியா உம்மா அறையக் கூட்டினா. அதுக்குப் பிறகு காணல்ல’ என்று டீச்சர் தெருவே கேட்கச் சொல்லியிருந்தார்.

“அந்த அறையக் கிழமை முழுக்கக் கூட்டினயா?”

“எங்க விட்டாங்க? கிழமை முழுக்கப் பூட்டு. ‘டொபி பகலில நித்திர கொள்ளும், எழுப்பாத’ எண்டா. நேத்துத்தான் திறந்து, வந்து கூட்டு எண்டா. கூட்டுக்கு மேல துணி கிடந்த. நான் தொடவே இல்ல.”

“அள்ளின குப்பையில என்ன இரிந்த?”

“தூசி.”

“வேற?”

“வேற ஒண்டுமில்ல, ஐயா. ஹேசல் மிஸிட ஊட்ட எண்டா அந்தச் சனியன் சூரியகாந்தி விதைத் தோல அறை முழுக்கத் துப்பும். ஒவ்வொரு நாளும் ஒரு சிறங்கை அள்ளுவன். நேத்து வெறுந்தூசி.”

அழகரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். “றவூப், ஓட்டோவ எடு.”

வழியெல்லாம் றவூப் துப்பறிந்துகொண்டே ஓட்டினார். “பூனை, ஐயா. இல்லாட்டி மரநாய். கூரை ஓட்டுக்கால இறங்கியிரிக்கும்.” முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே போனது. “இவனுகளப் பாருங்க! வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், டீச்சர்ட தம்பி ரதீஸ், சித்தாண்டியில வயல் செய்றவன், பாலத்தில என்னை இடிக்கப் பாத்தான். பின்னுக்குத் துணி மூடின பெரிய சாமானக் கட்டிக்கொண்டு! நான் ஏசின ஏச்சு அவனுக்குக் கேட்டிரிக்காது.”

“எனக்குக் கேட்ட,” என்றார் அழகரத்தினம்.

ஹேசல் வாசலிலேயே நின்றார். ஆசியா உம்மாவைக் கண்டதும் முகம் சிவந்தது. “இவவ ஏன் கூட்டிக்கொண்டு வந்தீங்க? உள்ள என்ட பிள்ளை நேத்திலிருந்து சாப்பிடல்ல!”

“நானும் நேத்திலிருந்து சாப்பிடல்ல மிஸி. என்னக் கேட்டீங்களா?” என்றார் ஆசியா உம்மா.

அழகரத்தினம் விறாந்தையில் இருந்த கூட்டைப் பார்த்தார். அதன் அடித்தட்டில் மஞ்சளாக நெல் உமி பரவியிருந்தது.

“உமியா போடுறீங்க?”

“இல்ல, மரச்சீவல். ஒரு பை நிறையக் குடுத்திட்டுத்தான் போனன். அந்தப் பையையும் அவ திருப்பித் தந்திட்டா, கட்டுக்கூட அவிழ்க்கல்ல. எல்லாம் கடதாசியில எழுதிக் குடுத்தன். காலம விதை. பின்னேரம் நகமளவு அவிச்ச முட்டை வெள்ளை. ஒவ்வொரு நாளும் குடுத்ததாத்தான் டீச்சர் சொன்னா. அவவுக்கு நன்றிக்கெண்டு நுவரெலியாவிலிருந்து கேக் கொண்டுவந்து, கூட்டக் காண முதலே குடுத்தன். அத உள்ளுக்கும் எடுக்கல்ல! மதிலுக்கு மேல எறும்பு மொய்க்குது. எனக்கு இரண்டு கோபம், ஐயா.”

“ஒரு கோபத்தக் கொஞ்சம் மிச்சம் வையுங்க. தேவைப்படும்.”

பக்கத்து வீட்டுக் கேற்றில் வேப்பிலைக் கொத்துகள் கட்டியிருந்தன. முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம். மதிலின் மேல் கேக் பெட்டி அப்படியே இருந்தது. ஈரத் தலையுடன் வந்த பிரஷாந்தி, எல்லோரையும் கண்டு கேற்றருகிலேயே நின்றுகொண்டார்.

“டீச்சர், டொபிக்கு முட்டை எங்க அவிச்சீங்க?” அழகரத்தினம் மெதுவாகக் கேட்டார்.

“எங்க அவிப்பாங்க? எங்கட குசினியிலதான். ஒவ்வொரு பின்னேரமும் என்ட கையால. வெள்ளிக்கிழமையும் குடுத்தன்.”

“கவனமாத்தான் பாத்திரிக்கிறீங்க. இந்தப் பெட்டி ஏன் வெளிய கிடக்கு?”

“ஐயோ, ஹேசல் கோவிக்கப் போறா. கண்ணகை அம்மன் சடங்கு நடக்குது, நாளைக்குத்தானே கடைசி நாள், குளிர்த்தி. கோவில் கதவு திறந்தா குளிர்த்தி முடியுமட்டும் மீன், முட்டை எங்கட கேற்றுக்கு உள்ள வராது. கேக்கில முட்டை இரிக்கு. அதுதான் மதிலில வெச்சன்.”

“கோவில் கதவு எப்ப திறந்த?”

“முந்தின சனிக்கிழமை பின்...” அவர் நிறுத்திவிட்டார்.

றவூபுக்குத்தான் பொறுக்கவில்லை. “அப்ப பூனை இல்லையா, ஐயா?”

“பூனை இல்ல, றவூப். கேக்குக்குள்ள கரைஞ்ச முட்டையையே மதிலுக்கு உள்ள எடுக்காத ஒருவர், அதே கிழமையில ஏழு நாள் குசினியில முட்டை அவிக்கமாட்டார். அவிக்கல்ல எண்டா டொபி இந்த வீட்டில முட்டை தின்னல்ல. விதைத் தோல் இல்லாத அறை, விதையும் தின்னல்ல எண்டு சொல்லுது. சீவல் பை கட்டவிழாமக் கிடக்கு, கூட்டில உமி. டீச்சர்ட வீட்டில நெல்லில்ல. சித்தாண்டியில தம்பி வீட்டில இரிக்கு. வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி துணி மூடின ஒரு சாமானோட பாலத்தால வந்தார். நீ ஏசின ஏச்சுத்தான் இந்த வழக்கின் முதல் சாட்சி.”

“பாத்தீங்களா!” என்றார் றவூப், யாரையோ பார்த்து.

பிரஷாந்தி கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான் ஏமாத்த நினைக்கல்ல. ஒரு மாசத்துக்கு முதலே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஹேசல் வாடகை வானில ஏறுற நேரம்தான் அந்தக் கடதாசியத் தந்தா. முட்டை எண்டு கிடக்கு. வான் போயிட்டு. பின்னேரம் கதவு திறக்குது. என்ன செய்ற? ரதீஸிட்டக் குடுத்து விட்டன். வியாழக்கிழமை அங்க கூட்டுக் கதவு திறந்துபட்டு, டொபி நெல்லு மூடைக்குள்ள புகுந்திட்டு. இன்னும் பிடிபடல்ல.”

“ஒரு கோல் எடுத்துச் சொல்ல ஏலாதா உனக்கு?” ஹேசலின் குரல் கிழிந்தது. “முட்டை இல்லாட்டி அது சாகாது, பிரஷாந்தி! விதை மட்டும் போதும் எண்டிருப்பன்!”

ஆசியா உம்மா ஹேசலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கத்தவில்லை. “வியாழக்கிழமை துலைஞ்ச எலிக்கு, சனிக்கிழமை காலம அறையத் திறந்து என்னக் கூப்பிட்டீங்க. ‘வா கா, இண்டைக்குக் கூட்டு’ எண்டீங்க. அது பயமில்ல டீச்சர். அது யோசிச்சுச் செஞ்ச வேல. முட்டைக்கு இவ்வளவு விரதம் இரிக்கிறீங்களே, பொய்க்கு விரதம் இல்லையா?”

பிரஷாந்தி ஹேசலின் பக்கம் திரும்பினார். “ஹேசல், என்ன மன்னிச்சிரு.”

“அவவிட்டயா கேக்கிறீங்க?” என்றார் ஆசியா உம்மா.

இதற்கிடையில் ரதீஸுக்கு அழைத்திருந்த றவூப் கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். “ரதீஸ் பேசினான். இரவில மூடைக்குப் பின்னால கொறிக்கிற சத்தம் கேக்குதாம். உசிரோட இரிக்கு!” இதைக் கேட்டதும் ஹெதர் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து வெறுங்கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். ஹேசல் ஒரு காலை ஓட்டோவில் வைத்தபடி திரும்பினார்.

“ஆசியா உம்மா, நாளைக்கு வழமை போல வாங்க, என்ன?”

“வரமாட்டன் மிஸி. அவ சொன்னா, நீங்க ஒரு நிமிசத்தில நம்பினீங்க. இருவது வருசத்த ஒரு நிமிசத்தில! முதல்ல என்ட பேர் திரும்பி வரட்டும். டொபிய மறுகா பிடிக்கலாம்.”

ஹேசல் காலைக் கீழே எடுத்தார். “பிள்ளை, கொஞ்சம் பொறு,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, பிரஷாந்தியின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார். ஆசியா உம்மா பின்னால் போனார்.

முதல் வீட்டுக் கேற்றில் பிரஷாந்தி தொண்டைக்குள் சொன்னார்: “ஆசியா உம்மாவில பிழை இல்ல. நான்தான் பொய் சொன்ன.”

“கேக்கல்ல,” என்றார் ஆசியா உம்மா.

“நான்தான் பொய் சொன்ன.”

“இன்னும் கேக்கல்ல. நேத்து என்னச் சொல்லக்குள்ள நாலாவது ஊட்டுக்கும் கேட்ட.”

பிரஷாந்தி மூச்சை இழுத்துக் கத்தினார். தெருவின் கோடியில், நாலாவது வீட்டின் யன்னல் திறந்தது.