கேட்டால் கையைத் தூக்கு

காரை லாரியிலிருந்து இறக்கும்போதே அதன் பின்சீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வழி பூரா இப்படித்தான் சார்," என்றார் லாரிக்காரர். "அணைச்சா கொஞ்ச நேரம் சும்மா இருக்கு. பிறகு தானா எரியுது. நியாயமா பேட்டரி செத்திருக்கணும். சாகல." சாவியை அவன் கையில் திணித்துவிட்டு உடனே கிளம்பினார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனைவி இறந்த பிறகு எதற்குமே ஒன்றும் தோன்றுவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. விளக்கை அணைத்தான். பின்பக்கம் இடது கதவில் மட்டும், உள்ளிருந்து திறக்க முடியாதபடி குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டான்.

நேரில் பார்க்காமலே வாங்கிய கார். விற்றவர் ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் இருந்தார். வீடியோவில் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். டயர், என்ஜின், தோல் சீட்டு, பம்பரில் இருந்த பொடிக் கீறல் வரைக்கும் ஒளிவுமறைவில்லாமல் காட்டினார். பின்சீட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேகமாகக் கடந்துபோனார்.

அக்கா போனில் சிரித்தாள். "பொண்ணைப் பாக்காம கட்டிக்கிட்டவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன்டா. காரைப் பாக்காம கட்டிக்கிட்டவன் நீ ஒருத்தன்தான். உனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?"

விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. அவன் வேலை காது சோதனை. சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "கேட்டா கையைத் தூக்குங்க" என்பான். வெளியே உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவான். கை எப்போது உயராமல் நின்றுவிடுகிறதோ, அங்கே அந்தக் காது முடிகிறது. அவன் பெற்ற பெண்ணின் காதும் அந்த அறைக்குள்தான் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்துகொண்டிருந்தது. அவளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இருந்தாள். இப்போது இரண்டு காதிலும் மெஷின். பழைய காரின் இரைச்சலில் அதுவும் பிரயோஜனப்படவில்லை. பள்ளியிலிருந்து வீடு வரும்வரை அவன் பேசுவது அவளுக்கு எட்டாது. அம்மாவின் குரல் போய்விட்டது. அப்பாவின் குரலாவது கொஞ்ச நாள் அவளுக்கு மிச்சமிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கார்.

"சத்தமா? மூச்சு விடாது சார்," என்றிருந்தார் விற்றவர். "ரெட்டைக் கண்ணாடி. வெளிய இடி விழுந்தாலும் உள்ள கேக்காது. உள்ள கத்தினாலும் வெளிய கேக்காது." பிறகு அவரே கேட்டார்: "வீட்ல குழந்தை இருக்கா சார்?"

"ஒரு பொண்ணு."

"தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையைப் பின்னாடி விட்டுட்டு நீங்க மட்டும் இறங்காதீங்க. ஒரு நிமிஷம்கூட."

எல்லாரும் சொல்கிற புத்திமதிதானே என்று அவன் சரி சரி என்றான்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. பள்ளி வாசலில் ஏறியதும் வாலு மெஷின்களைக் கழற்றி நீட்டினாள். "காது வலிக்குதுப்பா." வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். அவன் கைகள் இப்போதெல்லாம் அவனைக் கேட்காமலே வேலை செய்துவிடுகின்றன. போட்ட உடனே மறந்துபோனான்.

குடியிருப்பின் அடித்தள நிறுத்தத்தில் காரை விட்டு என்ஜினை அணைத்தபோது, வழக்கமாக அங்கே கேட்கும் மழை, தண்ணீர் மோட்டார், மேலே யாரோ நாற்காலி இழுக்கும் ஓசை எதுவுமே உள்ளே எட்டாமல், நனைந்த ஷூவும் தோல் சீட்டும் கலந்த வாசனைக்கு அடியில், கழுவாமல் மூடிவைத்த பால் புட்டியின் புளித்த வாடை மெல்ல மேலேறி வந்தது. கழுவக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"கேட்டா கையைத் தூக்கு," என்றான், முன்பக்கம் பார்த்தபடியே. வாயசைவு தெரியக் கூடாது என்பது அவர்கள் தினமும் ஆடும் இந்த விளையாட்டின் விதி. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், அரையிருட்டில், ஒரு சின்னக் கை உயர்ந்து இறங்கியது.

குரலைத் தாழ்த்தினான். கை உயர்ந்தது. ரகசியம் பேசுவதுபோல் இன்னும் தாழ்த்தினான். உயர்ந்தது. கடைசியில் வெறும் மூச்சாக, அவனுக்கே கேட்காதபடி, "கண்ணு" என்றான்.

கை உயர்ந்தது.

மரத்த இடத்தில் சுருக்கென்று வலித்தது. சந்தோஷம் இப்படித்தான் இருக்கும் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. காது திரும்பிவிட்டது. அவள் அப்பாவைக் கேட்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது.

அப்போது அந்த விசில். கீ என்று, மெல்லியதாக. அணைக்காமல் மூடிவைத்த காது மெஷின் அப்படித்தான் கத்தும். வேலையிடத்தில் நாள்தோறும் கேட்கிற சத்தம்.

அவன் சட்டைப் பையிலிருந்து வந்தது.

தொட்டுப் பார்த்தான். இரண்டும் இருந்தன. இவை இல்லாமல் வாலுவுக்கு இடிகூடக் கேட்காது.

கண்ணாடியைத் திருப்பினான். அவன் சீட்டுக்கு நேர் பின்னால் வாலு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் கன்னத்துக்கு அடியில்.

இடது பக்கம் அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. விரல்களில் நகமே இல்லை.

அவளைத் தூக்க வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. இறங்கினான். அவன் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பின்கதவின் பிடியை இழுத்தான். டக். நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

சாவி உள்ளே.

பின்சீட்டு விளக்கு எரிந்தது.

வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்தாள். வாய் திறந்தது. இன்னும் அகலமாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

கதவுக் கண்ணாடியைக் குத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். "வாலு. அப்பா இங்க இருக்கேன். இங்க பாரும்மா."

அவளுக்குக் கேட்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கை மெதுவாக உயர்ந்தது.