பழுப்புத் தையல்

சாயப்பட்டறைக்கு நான் வேலைக்குப் போன காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பழைய கட்டடம். உள்ளே நுழைந்ததுமே காரமும் ஈரத்துணியும் கலந்த வாடை தொண்டையைப் பிடித்தது. நான் ஒழுங்காக வேலை பார்க்கும்வரை என் தம்பியைப் படைக்கு இழுக்க மாட்டார்கள் என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். அதற்காகத்தான் போனேன். இல்லாவிட்டால் அந்த வேலையை எவள் செய்வாள்?

எங்கள் கடற்கரைக்காக இரண்டு பேரரசுகள் அடித்துக்கொண்டிருந்தன. முதலில் மலைக்காரன் ஆண்டான். அவனைத் துரத்திவிட்டுத் தீவுக்காரன் வந்தான். நடுவில் நசுங்கியது நாங்கள். தீவுக்காரனிடம் துணி இல்லை. அதனால் செத்த மலைக்காரர்களின் சட்டைகளை உருவி வண்டி வண்டியாகப் பட்டறைக்கு அனுப்பினான். பழுப்புச் சட்டையை வேகவைத்து, ரத்தத்தை அலசி, கருநீலத்தில் முக்கி எடுப்பது கொப்பரைக்காரி. குண்டு துளைத்த ஓட்டையை அடைத்துப் பொத்தான் வைப்பது நான். துணி நீலமாகிவிடும். மலைக்காரன் நூல் மட்டும் எந்தச் சாயத்துக்கும் மசியாது. தோளைச் சுற்றிப் பழுப்புத் தையல் அப்படியே தெரியும்.

கொப்பரைக்காரி நல்லவள்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் புருஷனை ஏற்கெனவே படைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒருநாள் கொடியிலிருந்து எடுத்த சட்டையை என் மடியில் போட்டாள்.

"அக்குள்ல கைய வச்சுப் பாரு," என்றாள் மெதுவாக.

வெயிலே இல்லாத நாள்.

சுடச்சுட இருந்தது.

யாரிடம் சொல்வது? மேஸ்திரியிடம் வாயைத் திறந்தால் வேலை போகும், கூடவே தம்பியும் போவான். பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானைத் தைத்து முடித்தேன்.

அடுத்த வாரம் அவள் புருஷன் திரும்பி வந்தான். பட்டப்பகலில், பட்டறை வாசலுக்கு, நாங்கள் சாயம் போட்ட நீலச் சட்டையோடு. அவன் படைப்பிரிவில் ஒருவன்கூட மிஞ்சவில்லை என்று முந்தின நாள்தான் கேள்விப்பட்டு அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருந்தாள். இப்போது ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவனோ அவளை யாரோ எவளோ என்று பார்த்தான். சட்டை முழுக்கச் சேறு. துவைத்துத் தருகிறேன், கழற்று என்று கொஞ்சியபடியே அவளே பொத்தான்களை அவிழ்த்து, தோளிலிருந்து சட்டையை இறக்கினாள்.

அவன் மடங்கி விழுந்தான்.

முதலில் எங்களை எட்டியது நாற்றம். செத்து நாலைந்து நாளான உடம்பு. கண்களை நண்டு தின்றிருந்தது.

சட்டை அவள் கையில் தொங்கியது. அதன் கைகள் இரண்டும் எதையோ தேடுவது போல அசைந்துகொண்டிருந்தன.

மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பிணத்தை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுச் சட்டையை மறுபடி கொப்பரையில் போடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. கொப்பரைக்கு ஆள் இல்லாமல் வேலை தேங்கியது. வேலை ஒழுங்காக நடக்கவில்லை, அதனால் சத்தியமும் செல்லாது என்று சொல்லி என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாவிகள். அவனுக்கு மாட்டிவிட்ட சட்டையின் தோளில் பழுப்புத் தையலைத் தெருவிலிருந்தே பார்த்தேன். கழற்றிப் போடுடா என்று கத்தினேன். துப்பாக்கிக் கட்டையால் என் வாயிலேயே ஒரு அடி விழுந்தது.

பீரங்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, பல் போன வாயோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தம்பி, அக்காடா," என்றேன்.

"நீங்க யாரும்மா? என் பொண்டாட்டி எங்க?"

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

குரலும் அவனுடையது இல்லை; மலைக்காரன் பேசுகிற இழுவை.

நெஞ்சுக்கு நேரே சட்டையில் புதிதாக ஒரு ஓட்டை இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். முழு விரலும் உள்ளே போனது. அவன் கண்கூடச் சிமிட்டவில்லை.

விரலைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சட்டையை அவன் மேலேயே வைத்துத் தைத்து மூடினேன். யார் வேண்டுமானாலும் என்னைப் பேய் என்று சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

உள்ளறையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பசி இல்லை, தூக்கம் இல்லை. பெண்டாட்டியைக் கேட்கிறான்; வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் அவன் தலையை மடியில் போட்டு வாரிக்கொண்டிருந்தபோது, உதடு அசையாமலே ஒரு குரல் வந்தது. என் தம்பியின் குரல். நெஞ்சிலிருந்த ஓட்டைக்குள்ளிருந்து வந்தது.

"கழட்டி விடுக்கா. இவன் என்னக் கடிக்கிறான்."

அந்த ஓட்டையையும் தைத்துவிட்டேன்.

இன்னும் கேட்கிறது.