தினம் ஓர் அடி

விசில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தோட்டத்திலிருந்து வந்தது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ஆணியையே பார்த்தாள். கறுப்புக் கயிறுகூட ஆடவில்லை. கணவன் குளித்துக்கொண்டிருந்தான்; தண்ணீர் விழும் ஓசை நடைவரை கேட்டது.

நாய்களைப் பழக்குவது அவன் தொழில். "ஒரே சத்தம், ஒரே நேரம், உடனே தீனி. ஏழு நாள் போதும், எமனையே வாலாட்ட வெச்சிடலாம்" என்பான். குளிர் விட்டு மரங்கள் துளிர்த்ததும் அதே வித்தையைத் தோட்டத்துப் பறவைகளிடம் காட்டினான். முதல் நாள் தானியத் தட்டைக் கடைசிப் புதர்வேலியோரம் வைத்து விசில் ஊதினான். மறுநாள் வீட்டை நோக்கி ஓர் அடி. அதற்கு மறுநாள் இன்னோர் அடி. ஏழாம் நாள் தட்டு சமையலறை ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மஞ்சள் அலகுள்ள கறுப்புப் பறவைகள் கூசாமல் வந்து கொத்தின.

அன்றிலிருந்து காலைதோறும் கம்பியில்லாத அந்த ஜன்னலைத் திறந்துவைத்து மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஐந்து வயது மகளுக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர். அவளை அடக்க, மருத்துவமனையில் நாள்முழுக்க எக்ஸ்ரே அறையில் சொல்வதையே அம்மா இங்கேயும் சொல்வாள்: "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க."

கணவன் உடனே சிலையாகிவிடுவான். அவளும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வாலு மட்டும் ஒருநாளும் அடங்கியதில்லை.

"மூச்சை விடலாம்னு சொல்ல மறந்துடாதம்மா தாயே" என்பான் கணவன், பல்லைக் கடித்தபடியே.

இப்போது ஜன்னல் விளிம்பில் ஒரே ஒரு சிவப்புப் பழம் இருந்தது. ஈரமாக. அவள் கை நீட்டுவதற்குள் வாலு அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்புடி!"

"இனிக்குதும்மா."

மறுநாள் அதே நேரத்தில் அதே விசில். பழம் பின்வாசல் படியில். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "குருவை மிஞ்சின சிஷ்யனுங்க!"

மூன்றாம் நாள் பழம் படியைத் தாண்டி, குழாயடியில். வாலுவுக்கு முன்னால் ஓடி அம்மா அதைக் காலால் மிதித்தாள். உள்ளே விதையே இல்லை. நனைந்த இறகு வாடையும் துருப்பிடித்த இரும்பு வாடையும் கலந்து, குளித்த பிறகும் கால்விரல் இடுக்கில் நின்றது.

நான்காம் நாள் விசிலுக்கு முன்பே வாலு வந்து நின்றாள், வாயை லேசாகத் திறந்துகொண்டு. பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அம்மா தட்டைக் கவனித்தாள். தானியம் குறையவே இல்லை. ஈரத்தில் முளைவிட்டு, வெள்ளை வேர்கள் விளிம்பைத் தாண்டித் தொங்கின. துணி காயப்போடும் கம்பியில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கொத்தவில்லை. கத்தவில்லை. எல்லாம் ஜன்னலைப் பார்த்து.

ஐந்தாம் நாள் வாலு கதவைச் சுரண்டினாள். நகக்கண்ணில் ரத்தம்.

ஆறாம் நாள் காலை கணவனை ஜன்னலுக்கு இழுத்துவந்தாள். "அந்தத் தட்டைத் தூக்கி எறிஞ்சிடுங்க."

"பறவைடி. உன் பொண்ணைத் தூக்கிட்டா போகப்போகுது?"

"தினம் ஓர் அடி தள்ளி வைக்குதுங்க. நீங்க செஞ்ச மாதிரியே."

சிரிக்க வாயெடுத்தவன் பழம் கிடந்த இடத்தைப் பார்த்தான். அதற்கும் புதர்வேலிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தான். ஓர் அடிதான். அவன் சிரிக்கவில்லை. போய்த் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தான். கையை நெடுநேரம் கழுவினான்.

"நாளைக்கு லீவு போட்டுடறேன்" என்றான். "கதவை விட்டு நகர மாட்டேன்."

நகரவில்லை. ஏழாம் நாள் விடிந்ததிலிருந்து கதவில் முதுகைச் சாய்த்து அவன் உட்கார்ந்திருக்க, சாவியை உள்ளங்கையில் பதிய இறுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள். வாலு கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் காகிதத்தில் உரசும் ஓசை.

விசில் வந்தது. கம்பியிலிருந்து அல்ல. புதருக்குள்ளிருந்து. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, ஆனால் எந்தப் பறவைக்கும் அவ்வளவு அகலமான தொண்டை கிடையாது.

பென்சில் ஓசை நின்றிருந்தது.

சமையலறையில் ஜன்னல் தாழ்ப்பாள் விலகும் ஓசை.

கதவைத்தான் காத்தார்கள்.

அவள் ஓடினாள். பின்னாலேயே அவன். வாலு விளிம்பிலிருந்து குதித்து, வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல் புல்லில் நடந்துகொண்டிருந்தாள். ஆறேழு அடிதான். எட்டிப் பிடித்துவிடலாம். அவள் விளிம்பில் முழங்காலை ஊன்றினாள்.

கம்பியில் ஓர் அலகு திறந்தது.

"அசையாதீங்க." அவளுடைய குரல். அதே சலிப்பு, அதே இழுப்பு. "மூச்சை இழுத்துப் பிடிங்க."

முழங்கால் நின்றது. நெஞ்சு நின்றது. அவள் தோளுக்குப் பின்னால் கணவனின் மூச்சும் நின்றது.

புதர் விலகியது. இரண்டு சின்னப் பாதங்கள். ஒரு பாதம். இலைகள்.

கம்பியில் அவை தோளோடு தோள் ஒட்டி, தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூச்சை விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.